பேட்டர்சீ பூங்காவில் ஒரு முழு நாள்: நீரேற்றம் பார்த்துத் திட்டமிடுவது எப்படி

லண்டனில் தேம்ஸின் தென்கரையில், கிழக்கே செல்சீ பாலத்துக்கும் மேற்கே ஆல்பர்ட் பாலத்துக்கும் நடுவே இருக்கிறது பேட்டர்சீ பூங்கா. பரப்பு 200 ஏக்கர். ஒரே நாளில் சுற்றிவிடலாம். ஆனால் பலர் வெயில் ஏறிய பிறகு வந்து, படகுக்கு வரிசையில் நின்று களைத்து, ஆற்றோரம் போகும்போது வெறும் சேற்றைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். பூங்காவில் குறை ஒன்றும் இல்லை. போன நேரமும் போன வழியும்தான் சரியில்லை.

இங்கே இரண்டு தண்ணீர் உண்டு. ஒன்று தெற்குப் பக்கத்து ஏரி, மனிதர் வெட்டியது, நாள் முழுக்க ஒரே மட்டத்தில் நிற்கும். மற்றது வடக்கு எல்லையில் ஓடும் தேம்ஸ். கடலின் ஓதம் இவ்வளவு தூரம் உள்ளே வருவதால் அது தினமும் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கும். ஏரியைக் காலையில் முடித்துக்கொண்டு, ஆற்றோரத்தை நீர் நிறைந்திருக்கும் நேரத்துக்கு ஒதுக்கினால் மற்றவை தானாக அமைந்துவிடும்.

முதலில் நாளைத் தேர்ந்தெடுங்கள்

தமிழ் நாட்காட்டி கையில் இருந்தால் வேலை சுலபம். லண்டனில் அமாவாசை, பௌர்ணமி நாட்களிலும் அதற்கடுத்த இரண்டு நாட்களிலும் தேம்ஸின் உச்ச நீரேற்றம் பெரும்பாலும் பிற்பகல் 2 முதல் 4 மணிக்குள் விழும். நீர் மிக உயரமாக வருவதும் அந்த நாட்களில்தான். அடி மட்டத்துக்கும் உச்ச மட்டத்துக்கும் வித்தியாசம் ஏழு மீட்டரை நெருங்கும். அஷ்டமி, நவமியை ஒட்டிய நாட்களில் இது தலைகீழ். காலையிலும் இரவிலும் நீர் ஏறியிருக்கும், பிற்பகலில் இறங்கிச் சரளையும் சேறும் தெரியும். ஒவ்வொரு நாளும் நேரம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அதனால் ஒரு நாளின் நேரம் தெரிந்தால் அடுத்த மூன்று நாளுக்கு மனக்கணக்கே போதும்.

இது தோராயக் கணக்கு. கிளம்பும் முன் 'லண்டன் பாலம்' என்ற இடத்துக்கான ஓத அட்டவணையை இணையத்தில் ஒருமுறை பாருங்கள். பேட்டர்சீ அதற்கு மேல்நீரோட்டத்தில் இருப்பதால் உச்சம் இங்கே சற்றுத் தாமதமாக வரும். அட்டவணை கிரீன்விச் நேரத்தில் இருக்கிறதா, கோடை நேரத்தில் இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் கடைசி வரை கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். கிரீன்விச் நேர அட்டவணையை அப்படியே நம்பி ஒரு மணி நேரம் முந்தி வந்து நிற்பவர்கள் நிறையப் பேர்.

தவிர்க்க வேண்டிய நாட்களும் உண்டு. நவம்பர் 5-ஐ ஒட்டிய வார இறுதியில் இங்கே பெரிய வாணவேடிக்கை நடக்கும். அப்போது பூங்காவின் பகுதிகள் பொதுமக்களுக்கு மூடப்படும், டிக்கெட் இருப்பவர்களுக்கு மட்டுமே அனுமதி. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் கிழக்கு ஓரத்தில் ஓவியச் சந்தை நடக்கும் நாட்களில் அந்தப் பக்கம் நெரிசல். 2015-இலும் 2016-இலும் இந்தப் பூங்காவின் சாலைகளில் ஃபார்முலா ஈ மின்கார் பந்தயமே நடந்தது. பூங்கா பல நாள் முடங்கியதால் அக்கம்பக்கத்தார் கடுமையாக எதிர்க்க, அதோடு நின்றுபோனது. மக்கள் இந்த இடத்தை எவ்வளவு சொந்தமாக நினைக்கிறார்கள் என்பதற்கு அதுவே சான்று.

வந்து சேர்வது

விக்டோரியா நிலையத்திலிருந்து ரயிலில் ஒரே நிறுத்தம், பேட்டர்சீ பார்க் நிலையம். கிளாபம் ஜங்ஷனிலிருந்து விக்டோரியா போகும் நின்று செல்லும் ரயில்களும் இங்கே நிற்கும். வாட்டர்லூவிலிருந்து வருபவர்களுக்கு வாக்ஸாலுக்கு அடுத்த நிறுத்தமான குயின்ஸ்டவுன் ரோடு நிலையம். இந்த இரண்டும் பழைய நிலையங்கள், படிகள் அதிகம். குழந்தை வண்டியோ சக்கர நாற்காலியோ இருந்தால் 2021-இல் திறந்த பேட்டர்சீ பவர் ஸ்டேஷன் சுரங்க ரயில் நிலையத்துக்கு வாருங்கள். லிஃப்ட் உண்டு, அங்கிருந்து பத்து நிமிட நடை. இது நார்தன் பாதையின் தனிக் கிளை. பழக்கத்தில் மார்டன் போகும் ரயிலில் ஏறிவிட்டால் வேறெங்கோ போய்விடுவீர்கள். ரயிலின் நெற்றியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஏறுங்கள். தவறி ஏறிவிட்டால் கென்னிங்டனில் இறங்கி மாறலாம்.

பேருந்தில் வந்தால் 137, 452 இரண்டும் செல்சீ பாலம் வழியாகப் பூங்காவின் கிழக்கு ஓரத்தை ஒட்டிப் போகும். லண்டன் பேருந்துகளில் காசு வாங்குவதில்லை, ஆளுக்கொரு கான்டாக்ட்லெஸ் வங்கிக் கார்டோ, ஆய்ஸ்டர் என்ற லண்டன் பயணக் கார்டோ வேண்டும். 11 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பெரியவர்களோடு வந்தால் பேருந்திலும் சுரங்க ரயிலிலும் கட்டணம் இல்லை.

பூங்காவுக்குள் நுழையக் கட்டணம் கிடையாது. தென்கிழக்கு மூலையில் உள்ள ரோசரி வாசலில் நுழைந்து, ஏரி, நடுப்பகுதி, ஆற்றோரம் என்று போய், வடமேற்கில் ஆல்பர்ட் பாலத்தருகே முடிப்பதுதான் நல்ல வழி. மாலை வெளிச்சம் அங்கேதான் அழகாக விழும்.

ஏரியும் படகும்

பூங்கா திறக்கப்பட்டது 1858-இல், விக்டோரியா மகாராணி கையால். அதற்கு முன் இது பேட்டர்சீ வயல்கள் என்ற சதுப்பு நிலம். 1829-இல் பிரதமராக இருந்த வெலிங்டன் கோமகன், வின்சில்ஸீ பிரபுவோடு துப்பாக்கிச் சண்டைக்கு நின்றது இங்கேதான். இருவரும் ஒருவரையொருவர் சுடாமல் விட்டார்கள். தாழ்ந்த நிலத்தை மேடாக்க, அப்போது கிழக்கே தோண்டிக்கொண்டிருந்த ராயல் விக்டோரியா கப்பல்துறையின் மண்ணை ஆற்று வழியாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். கால் வைக்கும் இடமெல்லாம் கொண்டுவந்த மண். ஏரியின் பாறைகளும் செய்தவைதான். ஜேம்ஸ் புல்லம் என்பவரின் நிறுவனம், உள்ளே செங்கல்லும் கற்களும் அடுக்கி மேலே சிமென்ட் கலவை பூசி உண்டாக்கிய பாறை அது. கிட்டப் போய்ப் பாருங்கள். இயற்கைப் பாறையின் படிவுக் கோடுகளைக் கூட கைவேலையாகவே இழைத்திருக்கிறார்கள். ஏரிக்கும் அருவிக்கும் நீர் ஏற்ற 1861-இல் கட்டிய நீராவி இயந்திரக் கட்டடம் ஏரியின் வடகரையில் இப்போதும் நிற்கிறது. உள்ளே இயந்திரம் இல்லை, ஓவியக் கூடமாக மாற்றிவிட்டார்கள்.

படகு கோடைப் பருவத்தில்தான், அதிலும் வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும்தான் முக்கியமாக ஓடும். காற்று பலமாக இருந்தால் நிறுத்திவிடுவார்கள். முதல் ஆளாகப் போனால் வரிசை இல்லை, காற்றும் குறைவு. லண்டனில் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வரும், நடுப்பகலுக்குப் பிறகு வலுக்கும். புறப்படும் முன் அலை எந்தப் பக்கம் நகர்கிறது என்று பாருங்கள். முதலில் காற்றை எதிர்த்துப் போங்கள். கை ஓய்ந்த பிறகு காற்றே திருப்பிக் கொண்டுவந்து விடும். மாற்றிச் செய்பவர்கள்தான் நேரம் தாண்டித் திரும்பி வந்து கூடுதல் பணம் கட்டுகிறார்கள்.

துடுப்புப் படகில் ஏறும்போது ஒவ்வொருவராக ஏறுங்கள். கால் படகின் நட்டநடுவில் விழ வேண்டும், விளிம்பில் அல்ல. உடம்பைத் தாழ்த்தி உடனே உட்கார்ந்துவிடுங்கள். துடுப்புப் போடுபவர் நடுப் பலகையில், பின்பக்கத்தைப் பார்த்து உட்கார வேண்டும். போகும் திசை அவருக்கு முதுகுப் பக்கம். கூட வருபவர் பின்பலகையில் உட்கார்ந்து வழி சொல்லலாம். கனமான ஆளை முன் மூக்கில் உட்கார வைத்தால் மூக்கு தாழ்ந்து, படகு நேராகப் போகாது.

இழுக்கும் முறை: கையை நீட்டி முன்னால் குனியுங்கள். துடுப்பின் அலகு நீருக்குள் மூழ்கினால் போதும், அதற்கு மேல் ஆழம் வேண்டாம். முதலில் காலையும் முதுகையும் கொண்டு இழுங்கள், கை மடங்குவது கடைசியில். பிறகு கைப்பிடியைச் சற்று அழுத்தினால் அலகு நீரைவிட்டு எழும். அப்படியே முன்னுக்குத் தள்ளி மறுபடி இறக்குங்கள். அலகு ஆழமாகப் போனால் நீர் அதைப் பிடித்துக்கொள்ளும், கைப்பிடி நெஞ்சில் வந்து மோதும். அப்போது இழுத்துப் போராடக் கூடாது. பிடியைத் தளர்த்தி, படகு நின்ற பின் துடுப்பை எடுங்கள். அலகு மேலோட்டமாகப் போனால் எதிரே இருப்பவர் நனைவார், படகு நகராது.

படகு வட்டமடிக்கிறதென்றால் ஒரு கை மற்றதைவிட வலுவாக இழுக்கிறது என்று பொருள். கையைப் பார்த்துச் சரிசெய்ய முடியாது. கண்ணெதிரே கரையில் ஒரு மரத்தைக் குறிவைத்து, அதைப் படகின் பின்முனைக்கு நேராகவே வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப ஒரு துடுப்பை இழுத்து மற்றதைத் தள்ளுங்கள். நிறுத்த இரண்டு அலகையும் நீரில் நிறுத்திப் பிடியுங்கள். கரைக்கு ஐந்து மீட்டர் முன்பே இழுப்பதை விட்டுவிடலாம், வந்த வேகமே கொண்டு சேர்க்கும்.

பெடல் படகு குழந்தைகளுக்குச் சுலபம் என்று தோன்றும், ஆனால் கால் எட்டாத குழந்தை சும்மா உட்கார, ஒருவரே இரண்டு பேர் வேலை செய்ய நேரும். ஏறும் முன் உட்கார வைத்துப் பாருங்கள். முழங்கால் சற்று மடங்கிய நிலையில் பெடல் எட்ட வேண்டும். படகு நகர்ந்தால்தான் சுக்கான் பேசும். நின்ற படகில் பிடியை எத்தனை திருப்பினாலும் பயன் இல்லை. குழந்தைகளுக்கு உயிர்காப்பு உடையைக் கேட்டு வாங்கி, கொக்கிகளை எல்லாம் மாட்டியபின், தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். உடை காதுவரை ஏறினால் அது பெரியது.

ஏரியின் தீவுகளை நெருங்காதீர்கள். ஓரம் ஆழமில்லை, வேர்கள் நீருக்குள் நீண்டு கிடக்கும். அதைவிட முக்கியம், அங்கே சாம்பல் நாரைகள் கூடு கட்டுகின்றன. பிப்ரவரியில், இலை துளிர்க்கும் முன், உயரமான கிளைகளில் சுள்ளிகள் அடுக்கிய பெரிய மேடைகளாகக் கூடுகள் தெளிவாகத் தெரியும். மார்ச், ஏப்ரலில் குஞ்சுகள் இரை கேட்டு 'டக்டக்டக்' என்று விடாமல் கத்தும். கண்ணுக்குத் தெரியும் முன் காதில் விழுவது அந்தச் சத்தம்தான். வேடந்தாங்கலில் பார்த்திருப்பீர்களே, அதே சாம்பல் நாரைதான். வாத்துக்கு ரொட்டி போடுவது வேண்டாம். பறவைக்கும் சத்தில்லை, மிஞ்சியது அழுகி நீரைக் கெடுக்கும்.

ஏரிக்கரையில் நடக்கும்போது இரண்டு சிற்பங்களைத் தவறவிடாதீர்கள். ஹென்றி மூரின் கல்லில் செய்த மூன்று நிற்கும் உருவங்கள் ஒன்று. மற்றது பார்பரா ஹெப்வொர்த் 1960-களின் தொடக்கத்தில் செய்த வெண்கல வடிவம், விமான விபத்தில் இறந்த ஐ.நா. பொதுச்செயலர் டாக் ஹம்மர்ஷோல்டின் நினைவாக. நடுவில் ஒரு துளை இருக்கும். அதன் வழியே மறுகரையைப் பாருங்கள்.

நடுப்பகுதி: யாருக்கு எது

ஏரிக்கு மேற்கே வெப்பமண்டலத் தோட்டம். 1860-களின் நடுவில் ஜான் கிப்சன் இதை அமைத்தபோது இங்கிலாந்துப் பொதுப் பூங்காக்களில் இப்படி ஒன்று இருந்ததில்லை. அவர் இளம் வயதில் ஒரு கோமகனுக்காகச் செடி சேகரிக்க கல்கத்தா வந்து, வடகிழக்கு இந்தியாவில் இன்றைய மேகாலயாவின் காசி (Khasi) மலைகள் வரை போனவர். வாழை, பனை வகைகளை இங்கிலாந்து மண்ணில் வெளியே நட்டுக் காட்டினார். கோடையில்தான் இந்தத் தோட்டம் நிறைந்திருக்கும். குளிர்காலத்தில் வந்தால் அதற்கென்றே அமைத்த குளிர்காலத் தோட்டத்துக்குப் போங்கள்.

சிறு பிள்ளைகள் இருந்தால் ஆற்றுப் பக்கத்தில் உள்ள சிறுவர் மிருகக்காட்சிசாலைக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்கலாம். தனி டிக்கெட். மீர்கேட்களும் லெமூர்களும் உண்டு. பத்து வயதைத் தாண்டியவர்கள் மரத்துக்கு மரம் கயிற்றுப் பாலத்தில் நடக்கும் கோ ஏப் பக்கம் இழுப்பார்கள். அதற்கு முன்பதிவு வேண்டும், உயரக் கட்டுப்பாடும் உண்டு. பிள்ளையின் உயரத்தை வீட்டிலேயே அளந்துவிட்டு பதிவு செய்யுங்கள். வாசலில் நிறுத்தப்பட்டு அழும் பிள்ளையைச் சமாதானப்படுத்துவது கடினம்.

சைக்கிள் பூங்காவைச் சுற்றியுள்ள பழைய குதிரைவண்டிச் சாலையில் மட்டும் ஓட்டலாம். ஒரு சுற்று ஏறக்குறைய மூன்று கிலோமீட்டர், மேடு பள்ளம் இல்லை. 1890-களில் லண்டன் சீமாட்டிகள் சைக்கிள் பழக வந்ததே இந்தச் சாலைக்குத்தான். நகராட்சி வாடகை சைக்கிளை எடுக்கக் குறைந்தது 18 வயது, ஓட்ட 14 வயது. நேரம் முடியும் முன் அருகிலுள்ள நிறுத்தத்தில் பூட்டிவிட்டு, பச்சை விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியாவிட்டால் சைக்கிள் பூட்டப்படவில்லை, வாடகை ஓடிக்கொண்டே இருக்கும்.

கால்பந்து பிடித்தவர்கள் புல்வெளியில் ஒரு நிமிடம் நிற்கலாம். கால்பந்துச் சங்கம் எழுதிய விதிகளின்படி ஆடிய காட்சிப் போட்டி 1864 ஜனவரி 9 அன்று இந்தப் பூங்காவில்தான் நடந்தது. கட்டுச்சோறு இங்கேயே பிரிக்கலாம். அடுப்பு மூட்டக் கூடாது.

1951-இல் 'பிரிட்டன் விழா' என்ற தேசிய விழாவை ஒட்டி வடபகுதியில் கேளிக்கைத் தோட்டமும் ராட்டினங்களும் வந்தன. 1972-இல் பிக் டிப்பர் என்ற ரோலர் கோஸ்டர் விபத்தில் ஐந்து குழந்தைகள் இறந்தார்கள். இரண்டு ஆண்டுகளில் அந்தப் பகுதி மூடப்பட்டது. அன்றைய தோட்டத்தின் நீரூற்றுகள் இன்றும் இருக்கின்றன.

பழைய ஆங்கிலத் தோட்டத்தின் அருகே ஒரு சிறிய நாய்ச் சிலை உண்டு, கேட்டு விசாரித்துப் பாருங்கள். மருத்துவக் கல்லூரியில் உயிரோடு அறுக்கப்பட்ட ஒரு பழுப்பு நாய்க்காக 1906-இல் பேட்டர்சீயில் நீரூற்றோடு சிலை வைத்தார்கள். மருத்துவ மாணவர்கள் கலவரம் செய்தார்கள், 1910-இல் இரவோடு இரவாக அகற்றினார்கள். இப்போது இருப்பது 1985-இல் வைத்தது.

ஆற்றோரம்

நீர் உச்சத்தைத் தொட ஒரு மணி நேரம் இருக்கும்போது ஆற்றோர நடைபாதைக்கு வந்துவிடுங்கள். அப்போது தேம்ஸ் மேற்கு நோக்கி, அதாவது கடலுக்கு எதிர்த்திசையில், ஓடுவதைக் கண்ணால் பார்க்கலாம். மிதந்து வரும் ஒரு குச்சியைக் குறிவைத்துக்கொள்ளுங்கள். உச்சம் நெருங்க நெருங்க அது வேகம் குறைந்து, சற்று நேரம் நின்ற இடத்திலேயே சுற்றி, பிறகு வந்த வழியே கிழக்குப் பக்கம் திரும்பும். பிள்ளைகளுக்கு ஓதத்தைப் புரியவைக்க இதைவிட நல்ல வழி இல்லை. கைப்பிடிச் சுவரில் ஏற விடாதீர்கள், நீர் இறங்கியிருந்தாலும் சேற்றில் இறங்கக் கூடாது. கால் புதையும். நீர் திரும்ப ஏறும் வேகமும் எதிர்பார்ப்பதைவிட அதிகம்.

நடைபாதையின் நடுவில் ஜப்பானிய பௌத்தத் துறவிகள் கட்டிய சாந்தி ஸ்தூபி. 1985-இல் முடிந்தது, உயரம் 33.5 மீட்டர். நான்கு பக்கமும் பொன்முலாம் பூசிய புத்தர் உருவங்கள். பிறப்பு, ஞானம், போதனை, பரிநிர்வாணம் என்று ஒரு வாழ்க்கை முழுதும் அந்த நான்கில் இருக்கிறது. கோவிலைப் போலவே வலமாகச் சுற்றினால் போதும். ஆகஸ்ட் 9, நாகசாகி நாள் மாலையில் இங்கே நீரில் விளக்கு மிதக்க விடுவார்கள். அந்த நாளில் லண்டனில் இருந்தால் வேறு திட்டம் வைக்காதீர்கள்.

அங்கிருந்து மேற்கே நடந்தால் ஆல்பர்ட் பாலம், 1873-இல் திறந்தது. பாலத்தின் இரு முனையிலும் உள்ள பழைய சுங்கச் சாவடிகளில் ஒரு பலகை இருக்கிறது: படைவீரர்கள் இந்தப் பாலத்தைக் கடக்கும்போது நடைதாளத்தைக் கலைத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. பக்கத்தில் செல்சீ படைமுகாம் இருந்தது. பலர் ஒரே தாளத்தில் காலெடுத்து வைத்தால் பாலத்தின் இயல்பான ஆட்டத்தோடு அது சேர்ந்து பெருகிவிடும். 'நடுங்கும் சீமாட்டி' என்றே இந்தப் பாலத்துக்குப் பெயர். 1973-இல் நடுவே இரண்டு தூண்கள் கொடுத்த பிறகும், பாதி தூரத்தில் அசையாமல் நின்றால் உள்ளங்காலில் மெல்லிய அதிர்வு தெரியும்.

இருட்டியதும் பாலம் முழுக்க விளக்கெரியும். ஜூன் கடைசியில் சூரியன் மறைவது இரவு 9.20 அளவில், டிசம்பரில் 4 மணிக்கு முன்பே. ஆகவே குளிர்காலத்தில் இந்தப் பயணத்தைக் காலை 10 மணிக்காவது தொடங்குங்கள். கோடையில் சூரியன் வடமேற்கில் ஆற்றுக்கு அப்பால் இறங்கும், பாலம் கறுத்த கோட்டோவியமாகத் தெரியும். குளிர்காலத்தில் ஒளி உங்கள் முதுகுப் பக்கமிருந்து, பூங்காவின் மரங்களுக்கு மேலாக வந்து பாலத்தின் இளஞ்சிவப்பு வண்ணத்தைத் துலக்கும். படம் எடுப்பவர்கள் பாலத்தின் மேல் நின்று எடுக்க வேண்டாம். ஸ்தூபிக்கும் பாலத்துக்கும் நடுவே நடைபாதையிலேயே நில்லுங்கள். நீர் உயர்ந்திருந்தால் விளக்குகள் முழுதாக ஆற்றில் விழும், இறங்கியிருந்தால் பாதி சேற்றில் போய்விடும்.

திரும்பும்போது பாலத்தைக் கடந்து செல்சீ பக்கம் போனால் ஸ்லோன் சதுக்கம் சுரங்க ரயில் நிலையம் இருபத்தைந்து நிமிட நடை. கால் ஓய்ந்திருந்தால் நடைபாதையிலேயே கிழக்கே திரும்பி, செல்சீ பாலத்துக்கு அடியில் போய், பவர் ஸ்டேஷன் படகுத்துறைக்கு வாருங்கள். நாள் முழுக்கக் கரையில் நின்று பார்த்த ஆற்றின் மேலேயே நகரத்துக்குத் திரும்பலாம். கான்டாக்ட்லெஸ் கார்டு படகிலும் செல்லும். கடைசிப் படகு நேரத்தை முன்பே பார்த்து வையுங்கள். ரயிலைவிட அது சீக்கிரம் முடிந்துவிடும்.